இரண்டாவது இருட்டில் வெளிச்சம் அதிகம்

ஏறி உட்கார்ந்தாயிற்று. கதவு தானாகவே சாத்திக்கொண்டது. முதல் வித்தியாசம் இதுதான். பழையதில் கதவை நான்தான் சாத்த வேண்டும், கைப்பிடியை இழுத்தால் டொக்கென்று ஒரு சத்தம் வரும், அந்த டொக்கில் எனக்கு நெஞ்சு அடங்கும், இனி வெளியே இருப்பது வெளியே, உள்ளே இருப்பது உள்ளே என்று. இதில் புஸ்ஸென்று காற்று இறங்கி ஏசி பஸ் கதவு போலச் சாத்துகிறது. பரவாயில்லை, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து முதல்முதலாகப் புது லாரியில் பூனாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பின அன்றைக்குச் சாவி துவாரத்தில் போகாமல் பக்கத்தில் பக்கத்தில் குத்திக்கொண்டிருந்தேன். இப்போது குத்துவதற்குச் சாவி இல்லை, ஒரு பட்டன்தான். ஜன்னலுக்குப் பழைய போர்வையைக் கட்டியிருக்கிறேன், மத்தியான வெயில் அதன் ஓட்டைகளில் புள்ளி புள்ளியாக நிற்கிறது, இந்த அறை இருட்டாக இருந்தால்தான் அந்த இருட்டு இருட்டாகத் தெரியும். அறை மகள் பூங்கொடியுடையது. கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறாள், அதற்காக வாங்கிய பெரிய கம்ப்யூட்டர் இது, ஞாயிற்றுக்கிழமை அவள் முகூர்த்தத்துக்குக் கேமராவோடு போய்விட்டால் சும்மா கிடக்கும். கண் டாக்டர் இனிமேல் ராத்திரியில் வண்டி ஓட்டக் கூடாது என்று சொன்ன பிறகு, நான் கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் காணச் சகிக்காமல் அவள்தான் ஒருநாள் கையைப் பிடித்து இந்த நாற்காலிக்குக் கூட்டிவந்தாள். “அப்பா, இதுல ஒரு வண்டி இருக்குது, ஓட்டிப் பாருங்க. மோதுனாலும் ஓனர் கேக்க மாட்டாரு” என்றாள். வானத்தில் கப்பல் ஓட்டிச் சண்டை போடுகிற விளையாட்டு. இங்கிலீஷில் ஏதோ நீளமான பெயர், எனக்கு நாக்கில் நிற்கவில்லை, நான் அதற்கு இருட்டு என்று பெயர் வைத்துக்கொண்டேன். அந்த இருட்டைப் போன வாரத்தோடு மூடிவிட்டார்கள். இது அதன் இரண்டாம் பாகம். இரண்டாவது இருட்டு. இன்றைக்குத்தான் முதல்முறையாக ஏறுகிறேன், மூன்று மணிக்குள் இதற்குள்ளே நான் தொப்பூர் என்று சொல்கிற இடுக்குக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கே நானூற்றுப் பதினேழாம் நம்பர் கப்பல் வர வேண்டும். வருமா. வரும். வருமா.

பட்டனை அழுத்திவிட்டேன். கப்பல் மேலே எழும்புகிறது, அடேயப்பா, உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, கண்ணாடிக்கு வெளியே ஒரு கிரகம் மெதுவாகக் கவிழ்ந்து கீழே போகிறது, அதன் விளிம்பில் செம்பு காய்ச்சின நிறத்தில் வெளிச்சம், அந்த வெளிச்சம் உள்ளே வந்து டேஷ்போர்டில் விழுந்து, நான் திரும்பத் திரும்ப அதுவும் நகர்ந்து, என் கைமேல், கை இருக்கிறது, இதில் கை இருக்கிறது! உறை போட்ட இரண்டு கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கின்றன, நான் இடது பக்கம் ஒடித்தால் அந்தக் கையும் ஒடிக்கிறது. பழைய இருட்டில் கை கிடையாது. நான் இருக்கிறேனா இல்லையா என்றே தெரியாது, நான்கு மீட்டர் முள்ளும் அவற்றின் பச்சை வெளிச்சமும்தான் தெரியும். முன்னால் இரண்டு விளக்கு. விளக்கு எவ்வளவு தூரம் அடிக்கிறதோ அவ்வளவுதான் உலகம், அதற்கு அப்பால் எதுவும் இல்லை, அல்லது எல்லாம் இருக்கிறது. அதுதான் எனக்குப் பிடித்தது. சத்தங்களை எண்ணி வைத்திருந்தேன், மொத்தம் ஐந்து. எஞ்சின் உறுமல் ஒன்று, காற்றாடி ஒன்று, என் மூச்சு ஒன்று, திரும்பும்போது இரும்பு முனகுவது ஒன்று, ரேடியோ இரைச்சல் ஒன்று. அந்த ரேடியோவில் யாரும் பேச மாட்டார்கள், பேசுகிற வசதியே அதில் இல்லை, உஸ்ஸென்று ஓர் இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எதிரி பக்கத்தில் வந்தால் அந்த இரைச்சல் கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான், நூல் கயிறானது போல. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காதுக்குத் தெரியும், காதுக்கு முன்னால் முதுகுத்தண்டுக்குத் தெரியும். அந்த ஐந்தையும் நான் ஆடாமல் உட்கார்ந்து கேட்பேன். இதில் எண்ணிப் பார்க்கிறேன், எஞ்சின், காற்று, ஒரு மணிச் சத்தம், இன்னொரு மணி, ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷில் ஏதோ சொல்கிறது, பின்னால் நூறு பேர் பிடில் வாசிக்கிறார்கள், தவில் மாதிரி ஒன்று அடிக்கிறது, எண்ணிக்கை கையை விட்டுப் போய்விட்டது.

பிடில் சத்தம் ஏறுகிறது. ஏறினதும் எனக்குத் தெரிந்துவிட்டது, யாரோ வருகிறான். சினிமாவில் வில்லன் படியேறும்போது வாசிக்கிற வாசிப்பு. வந்தார்கள், இரண்டு பேர், ஒவ்வொருத்தனையும் சுற்றிச் சிவப்பில் கட்டம் போட்டு, இதோ இவன்தான் எதிரி, இவன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று எழுதியும் காட்டிவிட்டார்கள், அந்தப் பொம்பளையும் எச்சரிக்கிறாள். பிறகு நான் எதற்குப் பயப்பட வேண்டும். ஆனால் கை பாருங்கள், கை தானாக வேலை செய்கிறது, ஒருத்தனை இடது பக்கம் தள்ளிவிட்டு அடிக்கிறேன், அவன் பூவாணம் மாதிரி வெடிக்கிறான், நீலம், மஞ்சள், கத்திரிப்பூ நிறம், தீபாவளிதான். மற்றவன் பின்னால் வருகிறான், நான் ஒடிக்கிறேன், அட, வால் இழுக்கிறது! கப்பலின் பின்பக்கம் லோடோடு இழுக்கிறது! பழைய இருட்டில் கப்பலுக்கு எடையே இருக்காது, காகிதம் மாதிரி திரும்பும், நான் பூங்கொடியிடம் பல தடவை குறை சொல்லியிருக்கிறேன், “கண்ணு, இதுல எத்தனை டன் ஏத்துனாலும் காலி வண்டியாட்டவே திரும்புது, அது தப்பு” என்று. இவர்கள் அதைச் சரி செய்திருக்கிறார்கள். என் பேச்சைக் கேட்டுச் செய்தது மாதிரி செய்திருக்கிறார்கள். இரும்பு லோடு ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பும்போது, வண்டி ஒரு மூச்சு நேரம் யோசிக்கும், வரட்டுமா விழட்டுமா என்று, அந்த யோசனை இதில் இருக்கிறது, இடுப்பில் தெரிகிறது. நான் சத்தம் போட்டுவிட்டேன் போல, அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி பாவாயி குரல் வருகிறது. “ஏனுங்க, என்ன ஆச்சு?” “ஒண்ணுமில்ல. பின்பாரம் இழுக்குது.” “முதுகுல புடிச்சுக்கிச்சா? டாக்டரு குனிய வேண்டாமுன்னாருல்ல, எதுக்குக் குனிஞ்சீங்க?” “எனக்கில்ல, கப்பலுக்கு.” கரண்டி சட்டியில் தட்டுகிறது. “கப்பலுக்கு வேணும்னா சுக்குப் பத்துப் போடுங்க. உங்க நானூத்திப் பதினேழு வந்தாச்சா?” “இன்னும் இல்ல.” “வந்தா கேளுங்க, அவங்க ஊட்டுல இன்னைக்கு என்ன கொளம்புன்னு.” கேட்கலாம். இதில் கேட்கலாம். அதுதான் பயமாக இருக்கிறது.

ஏனென்றால் இதில் பேச முடியும். மைக் இருக்கிறது, காதில் மாட்டியிருப்பதிலிருந்து ஒரு கொக்கி மாதிரி வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கிறது, காலையில் பூங்கொடி காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போனாள், “இந்தப் பட்டனை அழுத்திட்டுப் பேசுனீங்கன்னா பக்கத்துல இருக்கற கப்பலுக்கெல்லாம் கேக்கும்” என்று. எல்லாருக்குமா என்றேன். எல்லாருக்கும்தான் என்றாள். நான் என்ன பேசுவேன். லாரியில் பம்பாய் போய்த் திரும்புகிற வரைக்கும் நான் பேசின வார்த்தைகளை ஒரு துண்டுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம் என்று கூட வந்த கிளீனர்கள் கேலி செய்வார்கள். பேச வேண்டியதை விளக்கு பேசும், ஆரன் பேசும், மற்றதற்கு என்ன பேச்சு. பழைய இருட்டில் இருந்தது விளக்கு மட்டும்தான், முன் விளக்கை நானே அணைக்கலாம் நானே போடலாம், அதை வைத்துத்தான் நானும் நானூற்றுப் பதினேழும் இரண்டு வருஷமாகப் பேசினோம். இதில் விளக்கு ஆட்டோமேட்டிக். இருட்டானால் எரியும், வெளிச்சமானால் அணையும், நம் கையில் ஒன்றும் கிடையாது. பட்டன் பட்டனாகத் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. பெயரும் மாறிவிட்டது. பழையதில் எல்லாருக்கும் நம்பர்தான், கப்பலின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும், லாரிக்கு எழுதினது மாதிரி, அதனால்தான் அது நானூற்றுப் பதினேழு, ஆணா பெண்ணா எந்த ஊர் எந்த வயசு எதுவும் தெரியாது, தெரிய வேண்டியும் இல்லை. இதில் நம்பர் கிடையாது, எழுத்தில்தான் பெயர் வைக்க வேண்டுமாம். என் பழைய நம்பரையே போடச் சொன்னேன், ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறது என்று பூங்கொடி செங்கோடன் என்று என் பெயரையே தட்டிவிட்டாள். நம்பர் இருந்தவரைக்கும் என்னை யாரும் பார்க்கவில்லை. இப்போது கப்பலுக்கு மேலே என் பெயர் விளக்குப் போட்டு மிதக்கிறது, கல்யாண மண்டப வாசலில் எழுதினது மாதிரி. நானூற்றுப் பதினேழுக்குச் செங்கோடன் யாரென்று எப்படித் தெரியும். எனக்கு அதன் புதுப் பெயர் எப்படித் தெரியும். ஒரு வழியும் இல்லை. மாறாதது இடம் ஒன்றுதான், நேரம் ஒன்றுதான், தொப்பூர், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி.

அந்த இடுக்குக்குத் தொப்பூர்க் கணவாயின் பெயரை நான்தான் வைத்தேன், உடைந்துபோன ஒரு கிரகத்தின் இரண்டு துண்டுகளுக்கு நடுவே போகிற பாதை, ஒரு கப்பல் போகிற அகலம்தான், உள்ளே வளைவு வேறு. அங்கேதான் முதலில் பார்த்தது. நான் இந்த வாயில் நிற்கிறேன், எதிர் வாயில் இரண்டு வெளிச்சப் புள்ளி. இரண்டு தடவை அணைந்து எரிந்தது. நம்மூரில் எதிரே வருகிறவன் லைட் அடித்தால் என்ன அர்த்தம், நான் வருகிறேன், நீ நில் என்று அர்த்தம், சின்னப் பையனுக்கும் தெரியும். நின்றேன். அது வரவில்லை. மறுபடியும் இரண்டு தடவை அடித்தது. அடேய், வழி கேட்டாய், கொடுத்தாயிற்று, வந்து தொலை என்று நின்றுகொண்டே இருக்கிறேன், அது வரவே இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, சரி, அப்படியென்றால் நான் வருகிறேன் என்று நான் இரண்டு தடவை அடித்துவிட்டு உள்ளே நுழைந்தேன், அதே நேரத்தில் அதுவும் நுழைந்தது, வளைவில் மூக்கும் மூக்கும் முட்டிக்கொண்டு நின்றோம். பின்னால் போகவும் முடியவில்லை, முன்னால் போகவும் முடியவில்லை, ரேடியோ இரைச்சல் தடித்தது, மேலேயிருந்து ஒரே குண்டு, இரண்டு பேரும் ஒன்றாகச் செத்தோம். அன்றைக்கு எனக்கு வந்த கோபம். சாயங்காலம் பூங்கொடியிடம் சொன்னால் அவள் தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள், “அப்பா, வெளிநாட்டுல சில ஊர்ல லைட் அடிச்சா நீங்க மொதல்ல போங்கன்னு அர்த்தமாம், அவன் மரியாதைக்கு வழி விட்டிருக்கறான், நீங்க திட்டிட்டு நிக்கறீங்க.” எனக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்த ஞாயிறு அதே நேரத்துக்குப் போனேன், அதே வாயில் அதுவும் நின்றது. சரி, அதன் வழக்கப்படியே செய்வோம், நீ போ என்பதற்கு இரண்டு தடவை அடித்தேன். அது நின்றுவிட்டது. அது என் வழக்கத்துக்கு மாறிக்கொண்டு வந்திருக்கிறது! நான் அதன் பாஷையில் பேச, அது என் பாஷையில் கேட்க, மறுபடியும் இரண்டு பேரும் இரண்டு வாயில் நின்றோம். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பிறகு மெல்ல மெல்லத்தான் கணக்கு ஒத்து வந்தது, இரண்டு வெட்டு என்றால் நீ போ, ஒரு நீள வெளிச்சம் என்றால் நான் வருகிறேன். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த பேச்சு. அதற்குமேல் என்ன வேண்டும். எத்தனை பேரோடு எவ்வளவோ பேசியும் இந்த இரண்டு வார்த்தை ஒழுங்காகச் சொல்ல முடிந்ததில்லை.

ஆனால் பூங்கொடி காலையில் சொன்னாளே. சொல்லியிருக்க வேண்டாம். கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள், செருப்பைத் தேடுகிறபோது சொல்கிற பேச்சு மாதிரி சாதாரணமாக. “மூணு மணிக்கு உங்காளு வரோணுமில்ல?” “வரும்.” “எப்படித் தெரியும்?” “எப்பவும் வரும்.” “அப்பா, ஒண்ணு சொன்னா வருத்தப்பட மாட்டீங்களே. பழைய பார்ட்டுல பாதிக் கப்பல்ல ஆளே கெடையாது, கம்ப்யூட்டரே ஓட்டறது. ஆள் கம்மியா இருந்தா எடம் காலியாத் தெரியுமில்ல, அதுக்காக விடுவாங்களாம்.” “அதுக்கு நம்பர் போட்டிருந்துதே.” “அதுக்கும் நம்பர் போட்டுத்தான் விடுவாங்க.” அவ்வளவுதான், செருப்புக் கிடைத்தது, போய்விட்டாள். அதிலிருந்து காலில் முள் தைத்த மாதிரி இருக்கிறது, நடந்தால் வலிக்கிறது, நிறுத்தினால் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டராக இருந்தால். கம்ப்யூட்டர் தப்புச் செய்யாது, நானூற்றுப் பதினேழு தப்புச் செய்தது, ஆகவே ஆள்தான். ஆனால் தப்புச் செய்வது மாதிரி செய்யச் சொல்லி வைத்திருந்தால். ஒருநாள் தாமதமாக வந்தது, நேராக ஓட்டவில்லை, காய்ச்சல்காரன் ஓட்டுகிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தது, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல் வருமா. ஆனால் அது காய்ச்சல் என்று நான்தானே நினைத்தேன். இன்னொரு நாள் சண்டையே போடவில்லை, வளையம் போட்ட கிரகத்துக்கு முன்னால் இரண்டு பேரும் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றோம், என் மூச்சும் ரேடியோ இரைச்சலும் மட்டும் கேட்டன, சந்தையில் லோடு இறக்கிவிட்டு இரண்டு லாரிக்காரர்கள் மரத்தடியில் நிற்பது மாதிரி. வேலையில்லாமல் நிற்பது மனுஷன் செய்கிற காரியம், கம்ப்யூட்டர் எதற்கு நிற்கும். ஆனால் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அதுவும் நிற்கத்தானே செய்யும். அப்படியானால் அன்றைக்கு நான் தனியாக நின்றிருக்கிறேன். எத்தனை ஞாயிறு. எண்ண வேண்டாம். எண்ணினால் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காலியாகிக்கொண்டே வரும். எண்ண வேண்டாம், செங்கோடா, ரோட்டைப் பார்.

ரோட்டைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, எவ்வளவு நிறம். பழைய இருட்டில் நட்சத்திரம் உப்புக் கல் மாதிரி இருக்கும், வெள்ளை, சின்னது, தூரம். இதில் ஒரு பக்கம் ரோஜா நிறத்தில் மேகம், ஒரு பக்கம் மயில் நிறம், பூங்கொடி ஆல்பத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் ஒட்டுகிற வானம் மாதிரியே இருக்கிறது. தொந்தரவு பிடில்தான். அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள், இந்தப் பட்டன், அதற்குள் அந்தப் படம், அதற்குள் மியூசிக் என்று இருப்பதை இடது பக்கம் தள்ள வேண்டும். தள்ளினேன். பேசுகிற பொம்பளையையும் தள்ளினேன். நின்றது. நின்றதும், ஐயோ, இதென்ன. அடியில் வேறு ஒன்று இருக்கிறது! பிடிலுக்கு அடியில் இத்தனை நேரமும் ஒளித்து வைத்திருக்கிறார்கள். எஞ்சின் ஒரே மாதிரி உறுமவில்லை, இடது பக்க எஞ்சின் ஒரு பிசிறு பிசகி ஓடுகிறது, காதை வைத்தால் தெரிகிறது. திரும்பும்போது சீட் பெல்ட்டின் பக்கிள் இரும்பில் தட்டுகிறது. தூசி மேகத்துக்குள் நுழைகிறேன், கண்ணாடிமேல் சரசரவென்று மணல் உரசுகிறது, ஒரு வைப்பர் தானாக எழுந்து கீச் கீச்சென்று துடைக்கிறது, வானத்தில் வைப்பர்! ரப்பர் தேய்ந்த வைப்பர், மாற்ற வேண்டியது! எவனோ ஒருத்தன் உட்கார்ந்து இந்தக் கீச்சைச் செய்திருக்கிறான், வண்டிக்குள் இருந்தவன், மழையில் ஓட்டினவன், இல்லாவிட்டால் இது தெரியாது. எனக்குக் கண் கலங்குகிறது, சந்தோஷம்தான். பழையது நல்லது, புதியது மோசம் என்று சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன், அப்படிச் சொல்ல முடியவில்லை. பழையதில் இருட்டு வெளியே இருந்தது, எனக்குள் ஐந்து சத்தம். இதில் வெளியே திருவிழா, இருட்டைக் கொண்டுவந்து உள்ளே வைத்திருக்கிறார்கள், கேட்கிறவனுக்கு மட்டும். நானூற்றுப் பதினேழும் பிடிலை அணைத்திருக்கும். அணைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டராக இருந்தால் அணைக்க என்ன இருக்கிறது.

தொப்பூர் வந்துவிட்டது. வந்துவிட்டதா, இதுவா. இரண்டு பாறைக்கும் நடுவே விளக்குத் தோரணம், அம்பு போட்ட போர்டு, பக்கத்தில் கடைபோல ஒரு நிலையம், முப்பது நாற்பது கப்பல் வட்டமடிக்கின்றன, சிவப்பு, தங்கம், புலிவரி. ஆனால் அகலம் அதேதான், ஒரு கப்பல் அகலம். அந்த வளைவும் இருக்கும். மூன்றாக இரண்டு நிமிஷம். ஒவ்வொரு கப்பலின் தலைக்கு மேலும் பெயர், எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும், படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி, டிராகன், கிங், இன்னொரு கிங், மூன்றாவது ஒரு கிங். நம்பர் எதுவும் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், எந்தெந்த பாஷையோ, ஒருத்தன் பாடுகிறான். எல்லாரும் முட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள், எதிரே வருகிறவனை உரசிக்கொண்டு, தேய்த்துக்கொண்டு, பொறி பறக்க. நான் இந்த வாயில் இடது பக்கம் ஒதுங்கி நின்றேன். வேறென்ன செய்யத் தெரியும், எதிரே வண்டி வந்தால் நிற்க வேண்டும். பின்னால் வந்தவன் கத்துகிறான், இன்னொருத்தன் முட்டுகிறான், கப்பல் குலுங்குகிறது, ஒரு முள் சிவப்புக்கு வந்துவிட்டது, இன்னும் இரண்டு முட்டு முட்டினால் செத்துவிடுவேன். போகட்டும். நிற்கிறேன். மூன்று மணி. எதிர் வாயிலிருந்து ஒவ்வொருத்தனாக வெளியே வந்து பாய்கிறான். ஒருத்தன், அடுத்தவன், அடுத்தவன். பிறகு வளைவுக்கு அப்பால், தோரண வெளிச்சம் முடிகிற இடத்தில், வராமல் ஒன்று நிற்கிறது. ஒதுங்கி நிற்கிறது. மற்றவர்கள் அதையும் முட்டுகிறார்கள், திட்டுகிறார்கள், அதுவும் குலுங்குகிறது, நகரவில்லை. கிளிப்பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறது. நானூற்றுப் பதினேழு சாம்பல் நிறம். ஆனால் நானும்தான் சாம்பலாக இருந்தேன், இதில் நீலம். பெயரைக் கூட்டுகிறேன், நான்கெழுத்து, நடுவில் ஓ, அந்த ஓவின் தலைமேல் இரண்டு புள்ளி. அப்படி ஓர் எழுத்து இருக்கிறதா. 

அதுவாக இருக்கலாம். கதவைத் திறந்து போட்டுவிட்டு யாரோ டீ குடிக்கப் போயிருக்கலாம், கப்பல் சும்மா நிற்கலாம். ஆளில்லாத கப்பலாகவும் இருக்கலாம். விளக்கு இருந்தால் இரண்டு தடவை வெட்டிக் கேட்டுவிடுவேன், விளக்கு இல்லை, வாய் இருக்கிறது. பட்டனில் விரலை வைத்தேன். அழுத்தினால் நாற்பது பேருக்கும் கேட்கும். என்னவென்று சொல்வது. நீ நானூற்றுப் பதினேழா என்றா. அதற்குத் தமிழ் தெரியுமா. ஹலோ என்றா. ஹலோ என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, பெண் பார்க்கப் போன இடத்தில் பெயர் கேட்டபோது இப்படித்தான் ஒட்டியது, பாவாயி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். பின்னால் இன்னொரு முட்டு. முள் சிவப்பிலும் கடைசிக்கு வந்துவிட்டது. அப்போது கை தானாக ஒன்று செய்தது. வண்டி பின்னால் எடுக்கும்போது கிளீனர் பாடியில் தட்டுவான், இரண்டு தட்டு என்றால் போகலாம், ஒரு தட்டு என்றால் நில், கண்ணாடியில் ஆள் தெரியாவிட்டாலும் அந்தத் தட்டை நம்பிப் பத்து டன்னைப் பின்னால் தள்ளுவோம். பட்டனை அழுத்திக்கொண்டு நகத்தால் மைக்கைத் தட்டினேன். டொக் டொக். நீ போ. விட்டுவிட்டேன். கூச்சல் அப்படியே இருக்கிறது, பாடுகிறவன் பாடுகிறான். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. அவ்வளவுதான். பூங்கொடி சரியாகத்தான் சொன்னாள், செருப்பைத் தேடிக்கொண்டு சொன்னால் என்ன, சரி சரிதான். கூட்டம் ஒன்று உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டது, பாட்டு தூரத்தில் தேய்ந்தது, கொஞ்சம் அமைதி, அந்த அமைதியில், டொக் டொக்.

டொக் டொக்! என்னுடையது இல்லை, என் விரல் மடியில் இருக்கிறது. அதன் பட்டனை அது இன்னும் விடவில்லை, ஏனென்றால் தட்டுக்குப் பின்னாலும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது, உஸ்ஸென்று, அட, பழைய ரேடியோ இரைச்சல், பழைய இருட்டு, தடிக்கிறது, எதிரி பக்கத்தில் வந்துவிட்டான் என்று முதுகு நிமிர்கிறது, கை சுடுகிற பட்டனுக்குப் போகிறது, இல்லை. இது அது இல்லை. இது சீராக இல்லை. நடுநடுவே சொட்டு விழுகிறது. எங்கேயோ தகரத்தில் விழுகிறது, வேறெங்கேயோ இலையில் விழுகிறது, ஒரு ஜன்னல் காற்றில் ஆடி மெல்லச் சாத்துகிறது, யாரோ மூச்சு விடுகிறார்கள். மழை. அங்கே மழை பெய்கிறது. இங்கே போர்வை ஓட்டையில் வெயில் புள்ளி என் முழங்காலைச் சுடுகிறது, அங்கே மழை பெய்கிறது, அந்த மழைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. எல்லா ஞாயிறும் நிறைகின்றன, ஒவ்வொன்றாக, காலியான குடங்கள் மாதிரி. நான் மறுபடி தட்டுகிறேன், டொக் டொக், நீ போ. அது தட்டுகிறது, டொக் டொக், நீ போ. நான் தட்டுகிறேன். அது தட்டுகிறது. மறுபடியும் அதே கதை, இரண்டு பேரும் இரண்டு வாயில், வழி விட்டுக்கொண்டு, பின்னால் அடுத்த கூட்டம் வந்துகொண்டிருக்கிறது, இன்னொரு முட்டுக்கு என் கப்பல் தாங்காது, எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, அந்தப் பக்கத்திலும் மூச்சு குலுங்குகிறது, சிரிக்கிறது, அது சிரிக்கிறது, வயசான சிரிப்பா இளசா ஆணா பெண்ணா தெரியவில்லை, மழையோடு கலந்து வருகிறது. நான் பட்டனை அழுத்தி, நாற்பது பேருக்கும் கேட்கும்படி, என் தொண்டையில் இவ்வளவு சத்தம் இருக்கிறதென்று எனக்கே தெரியாத அளவுக்கு, “போலாம் ரைட்!” என்று கத்திவிட்டுக் கப்பலை உள்ளே விட்டேன்.

அடுப்படியில் கரண்டி நின்றது. “ஏனுங்க, யாருகூடப் பேசறீங்க?” “நானூத்திப் பதினேழு. அங்க மழை பெய்யுது.” “எங்க?” “தெரியல. எங்கியோ.” பாவாயி வாசற்படியில் வந்து நிற்கிறாள், கையில் கரண்டி, முகத்தில் சிரிப்பில்லை, நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் கேட்கிறாள். “மழையா? கொடியில துணி கெடக்குதான்னு கேளுங்க.” வளைவு வருகிறது, பின்பாரம் இழுக்கிறது, அந்தப் பக்க வாயில் கிளிப்பச்சை ஒதுங்கி எனக்கு வழி விட்டு நிற்கிறது. நான் பட்டனை மறுபடியும் அழுத்துகிறேன்.